குடியிருப்புக் குழாயில் வால்வு எங்கே வைப்பது?

வணக்கம். நான்கு தெருக்கள், 80 வீடுகள். வால்வு மேல்நிலைத் தொட்டியடியில் ஒன்றே ஒன்று. எந்தத் தெருவில் உடைந்தாலும் எல்லோருக்கும் தண்ணீர் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிளம்பர் சொன்ன '100 மீட்டருக்கு ஒன்று' என்ற கணக்கை விட்டுவிடுங்கள். தூரத்தைவிடச் சந்திப்புதான் முக்கியம்.

தெருக்குழாய் பிரியும் ஒவ்வொரு டீயிலும் ('T' வடிவ இணைப்பு), கிளைப் பக்கம் ஒரு வால்வு, டீயைத் தாண்டிப் பிரதான குழாயில் ஒரு வால்வு வையுங்கள். மூன்று குழாய்கள் சேருமிடத்தில் குறைந்தது இரண்டு, நான்கு சேர்ந்தால் மூன்று. இரண்டாம் தெருவில் உடைந்தால் அந்தக் கிளையை மட்டும் மூடலாம். இரண்டாம் டீக்கு அப்பால் பிரதான குழாயே உடைந்தாலும் முதல் இரண்டு தெருக்களுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

தெருக் கடைசிகளை இணைத்து வளையமாக்கப் போவதாகவும் சொல்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் அப்போது தண்ணீர் இரு பக்கமிருந்தும் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் இரு முனையிலும் வால்வு இல்லையென்றால், ஒரு பக்கம் மூடிவிட்டுப் பள்ளத்தில் இறங்குபவர் மறுபக்கத் தண்ணீரில் நிற்க வேண்டியதுதான்.

கேட் வால்வை (தகடு இறங்கி அடைக்கும் வகை) பாதி திறந்து வைத்து அழுத்தத்தைச் சரிசெய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளிருக்கும் தகடு அரித்துப்போய், அவசரத்துக்கு மூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வுகளையும் முழுக்க மூடித் திறக்க வேண்டும். சாலை போடும்போது வால்வு இருக்கும் குழியின் (சேம்பர்) மூடி தாருக்கடியில் போய்விடும். அதனால் எதிர்ச் சுவரில், அங்கிருந்து மூடி எவ்வளவு தூரம் என்று பெயின்டில் எழுதி வையுங்கள்.