சமூக அநீதியைப் பதிவு செய்யப் படம் மட்டும் போதுமா, எழுத்தும் வேண்டுமா?

என்னைக் கேட்டால், எழுத்தும் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைனைப் பாருங்கள். பஞ்சாலையில் நூற்பு இயந்திரத்தின் அருகே நிற்கும் சிறுமியைப் படமெடுப்பார். தன் கோட்டுப் பொத்தான்களை வைத்தே அவள் உயரத்தைக் கணித்துவிடுவார். வயது, வேலை நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். முதலாளிகள் எளிதில் மறுக்க முடியாத சாட்சியமாகப் படத்தை மாற்றியவை அந்தக் குறிப்புகள்தான். அப்படியும், குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் நாடு தழுவிய சட்டம் நிலைபெற 1938 ஆகிவிட்டது.

ஆவணப்படம் என்றால் கூடுதல் கவனம் தேவை. பேசியவர் சொன்னதன் பொருளையே எடிட்டிங்கில் மாற்றிவிடலாம். அதனால் வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்.