வாசகர் கேள்வி – பதில்: வங்கி ஏலத்துக்கு வரும் வீடுவளவுகள்

கேள்வி: 16 வருடம் கட்டாரில் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். கையில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் இருக்கிறது. கடன் கட்டாத காரணத்தால் வங்கிகள் ஏலம் விடுகின்ற வீடுவளவுகளை, மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையான பகுதியில் வாங்கித் திருத்தி, வாடகைக்கு விடவோ விற்கவோ எண்ணியுள்ளேன். தரகர் இல்லாமல் இவற்றை எங்கே தேடுவது? வாங்கினால் காணி உறுதி எனக்கு நிலைக்குமா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: தேடுவதுதான் இதில் மிகச் சுலபமான வேலை, ஏனென்றால் இரகசியமாக விற்க வங்கிக்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. நம்மவர்கள் ‘பராட்டே’ என்று சொல்லும் முறை, வங்கிகள் கடன் அறவிடுவதற்கான 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தில் உள்ளது. ஈடு வைத்த ஆதனத்தை, நீதிமன்றம் போகாமல், வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலமே ஏலத்தில் விற்க அது வழிவிடுகிறது. ஆனால் அந்தத் தீர்மானம் வர்த்தமானியிலும் மும்மொழி நாளிதழ்களிலும் வெளிவர வேண்டும். ஏலம் நடக்கும் நாள், நேரம், இடம் ஆகியவை 14 நாட்களுக்குக் குறையாமல் முன்கூட்டியே வர்த்தமானியில் வர வேண்டும். அறிவித்தலின் பிரதி வளவிலோ அதன் அருகிலோ நாட்டப்படுவதுடன், கச்சேரிச் சுவரிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

எனவே வெள்ளிக்கிழமை தோறும் வெளிவரும் வர்த்தமானியை, அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தமிழிலேயே இறக்கி வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அறிவித்தலின் அட்டவணையைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கிராமம், நான்கு எல்லை, பரப்பு, நில அளவைப் படத்தின் இலக்கம், காணிப் பதிவகத்தின் பதிவு இலக்கம் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த ஒரு தாளோடு பதிவகத்துக்குப் போய்த் தோம்பு, அதாவது காணியின் பதிவேடு, பார்க்கத் தொடங்கலாம்.

2011ஆம் ஆண்டுத் திருத்தம், 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த முதற்தொகைக் கடன்களைப் பராட்டே முறையிலிருந்து விலக்கியது. ஆகவே இவ்வழியில் ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் அரிசி ஆலைகளும் கடைத்தொகுதிகளும் பெரிய வீடுகளுமே ஆகும். உங்கள் தொகைக்கு அடங்கும் சிறிய வீடுகள் மாவட்ட நீதிமன்ற வழக்கின் முடிவில், நீதிமன்றம் நடத்துவிக்கும் ஏலமாக வருகின்றன. பொருளாதார நெருக்கடியின் பின்னர் 2024இல் பராட்டே ஏலங்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, அந்நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டதையும் நினைவிற் கொள்ளுங்கள். சட்டம் இப்படி அடிக்கடி கைபடுவதால், ஏலத்துக்கு முன் அன்றைய நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்பது நன்று.

கேட்போர் இல்லாத ஏலத்தில் வங்கியே பெயரளவு விலைக்கு ஆதனத்தை எடுத்துக்கொண்டு, பிறகு தானே விற்பனைக்கு விடுவதுண்டு. முதன்முறை வாங்குபவருக்கு ஏலத்தை விட இதுவே தோதானது என்பது என் எண்ணம். அவசரமில்லாமல் பேரம் பேசலாம், பல சமயம் உள்ளே போய்ப் பார்க்கவும் விடுவார்கள். ஆனால் வங்கி மறுபடி விற்கும் வரையில், கடனாளி நிலுவையைக் கட்டினால் முந்திய விற்பனையை இரத்துச் செய்யச் சபைக்கு அதிகாரம் உண்டு. பேச்சு முடிந்தது என்று தச்சனுக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உறுதி. வாங்குபவருக்குக் கிடைப்பது சபை கையொப்பமிட்ட விற்பனைச் சான்றிதழ். கடனாளிக்கு அந்த ஆதனத்தில் இருந்த உரித்து முழுவதும் அதன் மூலம் உங்களுக்கு வந்து சேரும். அவருக்கு இல்லாத உரித்து எந்தச் சான்றிதழாலும் வராது. நமது பகுதியில் இது தனிக் கவனத்துக்குரியது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது இங்கே வழமை, தொழிற்கடனோ மருமகனின் பெயரில் எடுக்கப்படுகிறது. அதாவது ஈடு வைத்தவர் ஒருவர், கடன் பட்டவர் வேறொருவர். கடன் பெறாத மூன்றாமவர் ஈடு வைத்த ஆதனத்தை இச்சட்டத்தின் கீழ் சபைத் தீர்மானத்தால் விற்க முடியாது என 2006இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. பின்வந்த வழக்குகளில் அந்த நிலைப்பாடு மேலும் ஆராயப்பட்டுள்ளது. ஆகவே ஈட்டு முறியில் யார் கையொப்பம், கடன் யார் பெயரில் என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயர்கள் வேறாயின், சட்டத்தரணியின் கருத்தை எழுத்தில் பெறாமல் ஏலத்தில் வாய் திறக்க வேண்டாம்.

பிரிபடாத பங்கு, நிலுவையிலுள்ள பிரிவிடல் வழக்கு, சோலைவரிப் பாக்கி என்பவற்றை எவரும் சொல்வார்கள். அம்பாறைப் பக்கம் வயல் வாங்கினால், அதைச் செய்கை பண்ணும் குத்தகைக்காரரின் உரிமை உடைமை மாறுவதால் அற்றுப்போகாது என்பதையும், அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லடி போன்ற கடலோர வளவென்றால், கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டட வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்குத் துணையாக ஏலமொன்றுக்குப் போயிருந்தேன். கேற்றில் ஒட்டிய அறிவித்தலின் பாதியை யாரோ கிழித்திருந்தார்கள். ஏலக்காரர் வீதியோர வேம்பின் கீழ் நின்று நிபந்தனைகளை வாசிக்க, உள்ளே ஒரு பெண் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார். வந்திருந்த ஏழெட்டுப் பேரில் வீட்டின் உட்புறத்தைப் பார்த்தவர் எவருமில்லை. நண்பர் கேட்காமலே திரும்பினார், அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆட்கள் குடியிருக்கும் வீட்டை வாங்கினால், சான்றிதழைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை ஒப்படைப்புக் கட்டளை கோரச் சட்டம் வழி தருகிறது. ஆயினும் அந்தக் கட்டளை நிறைவேறும் வரை உங்கள் காசு முடங்கிக் கிடக்கும். குடியிருப்பவருடன் நேரே பேசி, இடம்பெயரும் செலவுக்கு ஒரு தொகை கொடுத்துத் திறப்பை வாங்குவது மலிவாகவும் மனச்சாட்சிக்கு இலகுவாகவும் முடிவதுண்டு.

காசுக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். வழமையான நிபந்தனைப்படி, விலை படிந்த உடனேயே 10 வீதமும், உள்ளூராட்சி மன்றத்துக்கு 1 வீதமும், ஏலக்காரருக்கு 2.5 வீதமும், அவற்றோடு விளம்பரச் செலவில் ஒரு பங்கும் நொத்தாரிசுக் கட்டணமும் செலுத்த வேண்டும். 80 இலட்சத்துக்குப் படிந்தால், மேசையிலேயே 10 இலட்சத்து 80 ஆயிரமும் சில்லறைச் செலவும் வைக்க வேண்டும். மிகுதி 72 இலட்சத்தை 30 நாட்களுக்குள் கட்டாவிட்டால் முற்பணம் பறிபோகும். உங்களிடம் உள்ள ஒரு கோடியில், திருத்த வேலைக்கும் வழக்குச் செலவுக்கும் இடம் விட்டால், 75 இலட்சத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பேன்.

கேள்வி: கனடாக் குடியுரிமை எடுத்த என் அண்ணன் பாதிப் பணம் தர விரும்புகிறார். இருவர் பெயரிலும் வாங்கலாமா?
– அதே வாசகர்

பதில்: அண்ணன் இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தால் தடையில்லை. இலங்கைக் குடியுரிமை அற்றுப்போயிருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணியை அவர் பெயருக்கு மாற்றத் தடை விதிக்கிறது. உங்கள் பெயரில் மட்டும் வாங்கிவிட்டு வாய்ச்சொல்லில் பங்கு வைத்திருப்பது அண்ணன் தம்பிக்குள் இன்று சரியாக இருக்கலாம், பிள்ளைகள் காலத்தில் அது வழக்காகும். அவர் தருவதைக் கடனாகக் கருதி, தொகையையும் திருப்பித் தரும் தவணையையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, பணத்தை வங்கிக் கணக்கின் ஊடாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.