ஐடி சப்போர்ட் குழுவுக்கு டீம்வியூவரா, எனிடெஸ்க்கா, ரஸ்ட்டெஸ்க்கா?

ஐந்து பேர் குழு, இருநூறு விண்டோஸ் கணினிகள், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் இந்த மூன்று மென்பொருள்களில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சப்போர்ட் வேலைக்கு மூன்றுமே போதும். ஆளில்லாத கணினிக்குள் போக முடிகிறதா, அட்மின் அனுமதி கேட்கும் யூஏசி பெட்டி நமக்குத் தெரிகிறதா என்பதை முதலில் சோதியுங்கள். விண்டோஸோடு இலவசமாக வரும் குவிக் அசிஸ்ட் இங்கேதான் கைவிடும். மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்து குறியீட்டைத் தட்ட வேண்டும். யூஏசி பெட்டி வந்தால் நம் பக்கம் திரை நின்றுவிடும். மற்ற மூன்றையும் சர்வீஸாக, அதாவது பின்னணியில் எப்போதும் ஓடும்படி, நிறுவிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

டீம்வியூவரில் வசதிகள் ஏராளம், விலையும் அதிகம். இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். எனிடெஸ்க் சின்னக் கோப்பு, நிறுவாமலே ஓடும். ஆனால் 2024 தொடக்கத்தில் அதன் சர்வர்களில் ஊடுருவல் நடந்து, மென்பொருள் அசல்தான் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழையே மாற்ற வேண்டி வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு எங்காவது கிடந்தால் நீக்கிவிடுங்கள்.

லினக்ஸ் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், நான் ரஸ்ட்டெஸ்க்கைத்தான் சொல்வேன். திறந்த மூல மென்பொருள்; சர்வரை உங்கள் இடத்திலேயே டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டி போல ஓட்டும் கருவி) வைத்துக்கொள்ளலாம். ஃபயர்வாலில் 21115 முதல் 21117 வரை டிசிபி போர்ட்டுகளும் (இணைப்பு வரும் வாசல்கள்) 21116 யூடிபி போர்ட்டும் திறந்தால் வேலை ஆகிவிடும். யார் எப்போது எந்தக் கணினிக்குள் போனார் என்ற பதிவுகளை ஒரே இடத்தில் பார்க்கக் கட்டணப் பதிப்பு வேண்டும்.

அப்புறம், விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வசதியான ஆர்டிபிக்காக 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் வழக்கமாக நுழையும் வாசல் அது. ஆர்டிபி தேவைப்பட்டால் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் பயன்படுத்துங்கள்.