கேள்வி – பதில்: நெட்வொர்க் டிராஃபிக்கை அளக்கும் ஜாவா ஆப்லெட்

கேள்வி: கல்லூரி ஆய்வகத்து ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) வழியாகப் போகும் டேட்டாவின் வேகத்தை வரைபடமாகக் காட்ட ஒரு ஆப்லெட் (பிரவுசருக்குள் ஓடும் சிறு ஜாவா புரோகிராம்) எழுதியிருக்கிறேன். எல்லாமே ஒரே கிளாஸில் இருக்கிறது. ஸ்விட்ச்சோடு பேசப்போனால் செக்யூரிட்டி எக்செப்ஷன் வருகிறது. பாலிசி கோப்பில் அனுமதி கொடுத்து ஓட்டினால் திரை உறைந்துவிடுகிறது. சில சமயம் வேகம் மைனஸில் காட்டுகிறது. இதை எப்படிப் பிரித்து எழுதுவது?

பதில்: ஆப்லெட்டை நேரடியாக ஓட்டும் பிரபல பிரவுசர் இன்று கிடையாது. குரோம் 2015-லும் ஃபயர்பாக்ஸ் 2017-லும் ஜாவா பிளக்இன்னைக் கைவிட்டன. ஜாவா 11-ல் பிளக்இன்னும் ஆப்லெட் வியூவரும் நீக்கப்பட்டன. பாடத்துக்காக என்றால் ஜாவா 8-ல் ஓட்டிப் பாருங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஜேஃப்ரேமே (தனி ஜன்னலில் ஓடும் ஜாவா புரோகிராம்) நல்லது. கீழே சொல்லும் அமைப்பு இரண்டுக்கும் செல்லும்.

கையெழுத்திடாத ஆப்லெட், தான் இறங்கிவந்த சர்வரோடு மட்டுமே பேசலாம். அதனால்தான் அந்த எக்செப்ஷன். ஸ்விட்ச்சிடம் கேட்கும் வேலையை அந்த சர்வரில் ஓடும் சிறு புரோகிராமுக்குக் கொடுத்துவிடுங்கள். அது எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) மூலம், யு.டி.பி. 161-ஆம் போர்ட்டில், 5 நொடிக்கு ஒருமுறை கவுண்டரை (கடந்துபோன பைட்டுகளை ஸ்விட்ச் எண்ணி வைக்கும் எண்) படித்து வைக்கட்டும். ஆப்லெட் அதனிடமிருந்து எண்களை வாங்கி வரைந்தால் போதும்.

திரை உறைவது, நெட்வொர்க் பதிலுக்கான காத்திருப்பு திரையை வரையும் ஸ்விங்கின் ஈவென்ட் திரெட்டிலேயே நடப்பதால். எண்களை வாங்கத் தனி திரெட் வையுங்கள். வந்ததை இன்வோக்லேட்டர் (வேலையை ஈவென்ட் திரெட்டிடம் ஒப்படைக்கும் மெத்தட்) வழியாக வரைபடத்துக்குக் கொடுங்கள். அந்தத் திரெட்டை ஸ்டார்ட் மெத்தடில் தொடங்கி ஸ்டாப்பில் நிறுத்த வேண்டும். இனிட்டில் தொடங்கிவிட்டு நிறுத்தாமல் விட்டால், பக்கத்தை விட்டுப் போன பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மைனஸ் விவகாரத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். உள்வரும் பைட்டுகளின் கவுண்டர் (எஸ்.என்.எம்.பி.-யில் அதன் அடையாள எண் 1.3.6.1.2.1.2.2.1.10) 32 பிட் கொண்டது. 4,29,49,67,295-ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். 100 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 343 நொடியில், கிகாபிட் என்றால் 34 நொடியில் இது நடந்துவிடும். புதிய எண் பழையதைவிடச் சிறிதாக இருந்தால் வித்தியாசத்தோடு 4,29,49,67,296-ஐக் கூட்டுங்கள். ஆனால் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆனாலும் கவுண்டர் பூஜ்யமாகும். அப்போது கூட்டினால் வரைபடத்தில் பொய்யான கோபுரம் எழும். எனவே சிஸ்அப்டைமையும் (ஸ்விட்ச் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம்) சேர்த்துப் படித்து, அது குறைந்திருந்தால் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள். கிகாபிட் போர்ட்டுக்கு 64 பிட் கவுண்டரே (1.3.6.1.2.1.31.1.1.1.6) சரி, அதற்கு எஸ்.என்.எம்.பி. 2சி அல்லது 3-ஆம் பதிப்பு வேண்டும். எண்ணை இன்ட்டில் வைக்காதீர்கள், லாங்கில் வையுங்கள்.

வேகக் கணக்கு: 5 நொடியில் 31,25,000 பைட் வித்தியாசம் என்றால், எட்டால் பெருக்கி ஐந்தால் வகுக்க, நொடிக்கு 50 லட்சம் பிட், அதாவது 5 மெகாபிட். "5 நொடி" என்று நிலையாக எழுதிவிடாமல், நானோடைம் (ஜாவாவின் நேரம் அளக்கும் மெத்தட்) கொண்டு உண்மையில் கழிந்த நேரத்தால் வகுங்கள். பதில் தாமதமானால் இடைவெளி 6 நொடியாகவும் ஆகலாம்.

கேள்வி: எந்த கம்ப்யூட்டர் எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதையும் இதே ஆப்லெட்டில் காட்டலாமா?

பதில்: கவுண்டர் மொத்த பைட்டை மட்டுமே சொல்லும். பாக்கெட்டைப் பிடிக்க ஜாவாவில் சொந்த வழி இல்லை. லிப்பிகேப்பும் (பாக்கெட்டைப் பிடிக்கும் லைப்ரரி), அதோடு பேசும் பிகேப்4ஜே போன்ற லைப்ரரியும் தேவை. லினக்ஸில் அதற்கு ரூட் அனுமதியோ நெட்-ரா (CAP_NET_RAW) உரிமையோ வேண்டும். சாதாரண ஸ்விட்ச் போர்ட்டில் உங்கள் இயந்திரத்துக்கு வருவதும் பிராட்காஸ்ட்டும்தான் (எல்லாருக்கும் அனுப்பப்படுவது) பெரும்பாலும் கண்ணில் படும். மற்றவை தெரிய போர்ட் மிரரிங் (பிற போர்ட்டுகளின் டேட்டாவை நகலெடுத்து ஒரு போர்ட்டுக்கு அனுப்பும் ஸ்விட்ச் அமைப்பு) செய்ய வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.