மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருளை விட்ட பிறகும் கணவர் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார், சிகிச்சை பலிக்கவில்லையா?

பலித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். வெளிநோயாளியாகச் சிகிச்சை முடித்து ஐந்து மாதங்களாக அதைத் தொடாதவர், எதிலும் நாட்டமின்றி முடங்கிக் கிடக்கிறார் என்கிறீர்கள். பெங்களூரு வேலையில் இருந்தபோது அதற்குப் பழகி, கோயம்புத்தூரில் சிகிச்சை பெற்று நீலகிரியில் உள்ள எங்கள் ஊரான கேத்திக்குத் திரும்பிய என் தம்பியும் அப்படித்தான் இருந்தான். தட்டில் சோறு ஆறி, குழம்பின் மேல் ஆடை படியும்வரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். உறவினர்கள் அதைத் திமிர் என்றார்கள். அந்தச் சொல் இன்றும் எனக்கு வலிக்கிறது.

இன்ப உணர்வோடு தொடர்புடைய டோப்பமைன் என்ற மூளை வேதிப்பொருளின் அமைப்பை இந்தப் போதைப்பொருள் சிதைத்துவிடுகிறது. 2001இல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 17 மாதங்கள் விலகியிருந்தவர்களின் மூளையில் டோப்பமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதங்கள் கணிசமாக மீண்டிருந்தன. ஆனால் நினைவாற்றலும் கை வேகமும் அதே அளவுக்குத் தேறவில்லை. ஐந்து மாதத்தில் தீர்ப்பெழுதக் கூடாது என்பது இதனால்தான்.

ஊரில் எல்லோரும் என் தம்பியைக் கேரட் அறுவடைக்கு அனுப்பச் சொன்னார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடிவதற்குள் சரக்கு இறங்க வேண்டும் என்பதால், நள்ளிரவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்கும் வேலை அது. உழைப்பை நான் இழிவாகச் சொல்லவில்லை, எங்கள் குடும்பமே அந்தக் கூலியில் வளர்ந்ததுதான். ஆனால் தூக்கம் கெட்டால் மீண்டும் அந்த ஏக்கம் தலைதூக்கும் என்பதால் நானும் அம்மாவும் மறுத்து, பகலில் நாற்றுப் பண்ணை வேலைக்கு அனுப்பினோம். தூக்கம் சீரானது, பல மாதங்களுக்குப் பின் பசியும் வந்தது.

என் மனக்குறை அந்தச் சிகிச்சை மையத்தின் மீதுதான். கடைசி அமர்வோடு கணக்கை முடித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்கு பியூப்ரெனார்பின் போன்ற மருந்துகள் உண்டு. மெத்தம்பெட்டமைன் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லாதபோது, தொடர்ந்த ஆலோசனையும், சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் சிறு வெகுமதி தரும் முறையும்தான் கைகொடுக்கின்றன. ஆகவே தொடர் சந்திப்புகளைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணில் விசாரியுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.