பேத்திக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா, வேண்டாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நிறைமாதத்தில் பிறந்த பேத்தி உடனே அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததில் லேசான பாதிப்பு என்றார்கள். ஒரு நாள் நடுக்கம் இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. தலை ஸ்கேன் நார்மல். இப்போது 12 நாள். நன்றாகப் பால் குடிக்கிறாள். ஒரு டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். மயக்க மருந்து கொடுப்பார்களோ? சிடி போதாதா?"

சிடி வேண்டாம், அம்மா. அதில் கதிர்வீச்சு உண்டு. இந்த வகைப் பாதிப்பும் சரியாகத் தெரியாது. உச்சிக்குழி வழியாக எடுத்த தலை ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) ரத்தக்கசிவையும் நீர்த்தேக்கத்தையும் காட்டும். லேசான பாதிப்பு அதில் தப்பிவிடலாம்.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. இந்த வயதில் மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை மூடி, தூக்கத்திலேயே எடுத்துவிடுவார்கள். அத்தனை சத்தத்திலும் குழந்தைகள் தூங்குவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

நாள் கணக்கு இதில் முக்கியம். எம்ஆர்ஐயில் பல வகைப் படங்கள் எடுப்பார்கள். அதில் புதிய பாதிப்பைக் காட்டும் டிஃப்யூஷன் என்ற வகைப் படம் முதல் வாரத்தில்தான் தெளிவாக இருக்கும். பிறகு, பாதிப்பு இருந்தாலும் நார்மல் போலத் தோன்றும். 12ஆம் நாளுக்கு மேல் மற்ற வகைப் படங்களைத்தான் நம்ப வேண்டும். அதனால் ரேடியாலஜிஸ்ட்டிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால், டாக்டர் பரிசோதித்து எல்லாம் இயல்பாக இருக்கிறது என்றால் எம்ஆர்ஐக்கு வற்புறுத்த மாட்டேன். வலிப்பு வந்திருந்தால் கதை வேறு: அதை லேசான பாதிப்பு என்றே சொல்ல முடியாது, எடுத்தே ஆக வேண்டும். உடல் தொய்வோ விறைப்போ இருந்தாலும் அப்படித்தான். முதல் டாக்டர் எதைக் கவனித்து எழுதினார் என்று கேளுங்கள், காரணம் இருக்கலாம்.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் பகுதியில் பாதிப்பு தெரிந்தால் கை கால் அசைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். லேசான பாதிப்பில் சில குழந்தைகளுக்கு மூளையின் வெள்ளைப் பகுதியில் சிறு புள்ளிகள் தெரியும். அதை வைத்துப் பிற்காலத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. படம் நார்மல் என்று கண்காணிப்பை நிறுத்துவதும் தவறு.

மூன்று மாதம் ஆனதும், அழாமல் விழித்திருக்கும்போது மல்லாக்கப் படுக்க வைத்து, சில நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வயதின் அசைவுகளிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு வயது வரை வளர்ச்சிப் பரிசோதனையை விடாதீர்கள். காது கேட்கும் பரிசோதனை ஆகவில்லை என்றால் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.