படகு ஏற்றிய ட்ரெய்லர் பின்னால் பாம்பு மாதிரி ஆடுவது ஏன்?

பெரும்பாலும் முன்பாரம் போதாமைதான். ட்ரெய்லரின் முன்முனை காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இழுவைக் குண்டின் மேல் அழுத்தும் எடையைத்தான் முன்பாரம் என்கிறோம். மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் இருந்தால் நல்லது. படகோடு சேர்த்து 600 கிலோ என்றால் 60 கிலோ. உங்கள் காரின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் எல்லை.

மாட்டு வண்டிலை நினைத்துப் பாருங்கள். நெல் மூட்டைகளைப் பின்பக்கம் குவித்தால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். ட்ரெய்லரிலும் பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் முன்முனை லேசாகிவிடும். பிறகு ஒரு சின்ன உதறலே ஊசல்போலப் பெரிதாகும். படகில் எஞ்சினே பின்னால் தொங்குகிறது! அதனால் ஐஸ் பெட்டி, வலை எல்லாவற்றையும் முன்னே தள்ளி இறுக்கிக் கட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலியையும் மறக்க வேண்டாம்.

அப்புறம், சக்கர பேரிங். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கு ஓடி வந்த சூட்டோடு ட்ரெய்லரைக் கடலில் இறக்கினால், பேரிங் இருக்கும் சக்கரக் குடத்துக்குள் உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆறுதலாக ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, குடம் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து இறக்குங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவுவது கட்டாயம். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

ஆட்டம் தொடங்கினால் வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வது தவறு: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.